கடலுக்குப் போனவரின் நூலக அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு நூலக அட்டை இருக்கிறது. மஞ்சள் அட்டை, ஓரமெல்லாம் உப்பு பூத்திருக்கும். அதில் எழுதியுள்ள பெயருக்கு உரியவர் ஒருநாளும் எங்கள் நூலகத்துப் படியேறியதில்லை. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதற்குப் பிறகு அவர் நாற்பத்தொரு புத்தகங்கள் வாங்கிப் படித்ததாக என் பதிவேடு சொல்கிறது.

படித்தது அவர் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏரித் தீவான பசியாவரத்திலிருந்து படகில் பழவேற்காட்டுக்குக் கருவாடு கொண்டுவந்து விற்றுவிட்டு, காலிக் கூடையை நூலக வாசலில் கவிழ்த்து வைத்து உள்ளே வருவார். முதல் நாள் உறுப்பினர் படிவத்தில் கணவர் பெயரைச் சொன்னபோது, "உங்க பேரைச் சொல்லுங்கக்கா" என்றேன். "அவரு பேர்லயே போடும்மா. ஆளு வர்ற வரைக்கும் பேராவது பொழங்கினு இருக்கட்டும்" என்றார். விதிப்படி தவறு. நான் விதிக்குப் பேர்போனவள். ஒரு நாள் தாமதத்தைக்கூட விடமாட்டேன். அந்த நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததும் பேனா தானாக எழுதிவிட்டது.

அவர் கேட்ட புத்தகம்தான் விசித்திரம். "பேய்க்கதை வேணாம், சாமிக்கதை வேணாம். இனிமேப்பட்டு நடக்கப்போற கதை எதுனா கீதா?" அப்படிப்பட்டவை கீழ்த்தட்டில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. குடும்ப நாவல் தவிர வேறெதையும் தொடாத நான், இவருக்கு எடுத்துக் கொடுப்பதற்காகவே அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். காற்றை விலைக்கு விற்கும் ஊர், சிரித்தால் தண்டனை தரும் அரசாங்கம், மனிதர்களின் கனவுகளைப் பதிவு செய்யும் இயந்திரம். பேருந்தில் திருப்பாலைவனம் தாண்டும்போது வெளியே தெரியும் நாற்றங்கால்கூட யாரோ வரைந்து வைத்தது போலத் தோன்றும். அக்கா படித்துவிட்டு மற்றவர்களுக்கும் சொல்வார். கதையைச் சொல்லமாட்டார். "இத்த கரையில குந்தினு படி", "இத்த தண்ணி மேல படிக்காத", அவ்வளவுதான். அவர் வாய்ச்சொல்லுக்கே புத்தகம் தேடி வந்தவர்கள் உண்டு. திரும்பி வரும் பக்கங்களில் செதில் ஒட்டியிருக்கும்.

ஒருமுறை புதிதாக வந்த மொழிபெயர்ப்பு நாவலை நானே நீட்டினேன். பாதி மூழ்கிய ஒரு நகரம். காலைதோறும் ஒலிபெருக்கி பெயர்களை வாசிக்கும். பதில் சொல்லாதவருக்குச் சோறு கிடையாது. செத்தவர்களின் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாதென்று பக்கத்து வீட்டார் "இருக்கிறார்" என்று குரல் கொடுப்பார்கள். கடைசியில் எந்தக் குரல் யாருடையது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கொடுத்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏரியில் இறால் விழும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. முறை வைத்துத்தான் இறங்குவார்கள். அந்த முறையைத்தான் பாடு என்பார்கள். கோயில் முன்னால் ஆண்கள் கூடியதும் ஒருவர் பட்டியலை உரக்க வாசிப்பார். குரல் கொடுத்தவருக்கு முறை. மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். அக்காவின் கணவர் பெயர் வரும்போதெல்லாம் கொழுந்தனார் "இருக்கான்" என்பார். ஆறு வருஷமாக அந்த முறைக்கு அவரே வலை போட்டு, கிடைத்ததை அண்ணி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். ஊருக்கே தெரியும், ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று பதறினேன்.

தவணை கடந்தும் புத்தகம் வராததால் நானே படகேறினேன். பனி விலகாத காலை. தண்ணீரும் வானமும் ஒரே நிறம். நான் போய்ச் சேர்ந்தபோது பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்து, "சின்னவருகிட்ட குடுத்தேன். படிச்சிட்டாரு" என்றார், கொழுந்தனாரைக் கண்ணால் காட்டி.

அந்தப் பெயர் வந்தது. கொழுந்தனார் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் என் பக்கத்திலிருந்து அக்கா சொன்னார்: "உடுங்க. அவரு இல்ல."

பட்டியல்காரர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அடுத்த பெயருக்கு உரியவர் "இருக்கேன்" என்று கத்தினார். அதற்கடுத்தவர் அதைவிட உரக்க. பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்டால் போதும் என்ற இடத்தில், அன்று ஒவ்வொருவரும் அக்கரைக்குக் கேட்கும்படி கத்தினார்கள்.

அந்த முறையோடு அக்கா வீட்டுக்கு ஏரியில் இருந்த இடம் போயிற்று. அடுத்த வாரம் அக்கா நெற்றி வெறுமையாக வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என்னாலதான்க்கா" என்றேன்.

"பொஸ்தகம் இன்னா பண்ணும்? தெரிஞ்சுதான் சின்னவருக்குக் குடுத்தேன். அதுக்கு முந்தி ஒரு பாடு வாசிக்கறப்ப அவரு சொந்தப் பேரக் கூப்டாங்க, மனுசன் பேசாம குந்தினு இருக்கிறாரு. பக்கத்துல இருந்தவன் இடிச்சப்புறம்தான் முழிச்சாரு. அண்ணனுக்குச் சொல்லிச் சொல்லி அவரே இல்லாம பூட்டாரும்மா. போனவருக்காவ இருக்கறவரையும் உடச் சொல்றியா? இத்த என்னால வாயால சொல்ல முடியல, அதான் பொஸ்தகத்தக் குடுத்தேன்." பிறகு பழைய அட்டையை மேசைமேல் வைத்தார். "எம் பேருக்கு ஒண்ணு போடு."

அக்கா இப்போது மகளோடு மீஞ்சூர் பக்கம் இருக்கிறார். கணவர் பெயரில் எடுத்த அந்த நாவல் மட்டும் திரும்பவில்லை. கொழுந்தனார் ஒருவரிடம் கொடுக்க, அவர் இன்னொருவரிடம் கொடுக்க, எந்த வீட்டில் இருக்கிறதோ.

போன வாரம் இருப்புச் சரிபார்ப்பு. புதிதாக வந்திருக்கும் உதவியாளர் பெண் பதிவேட்டிலிருந்து, புத்தகம் திருப்பாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்தப் பெயரும் வந்தது. "இவர் இருக்காரா மேடம், அடிச்சிடலாமா?"

நான் இழுப்பறையைத் திறந்து அட்டையைக் கையில் எடுத்தேன். கொழுந்தனாரின் திறந்த வாய் ஞாபகம் வந்தது. அவள் மறுபடி கேட்டாள்.

"இருக்கார்" என்றேன், தேவைக்கு மேலேயே உரக்க.