வார்னிஷில் விழுந்த கைடு

செம்புக் கம்பியை விரல்களுக்கு நடுவில் அகல விரித்து, மூங்கில் சீவலால் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தன கைகள். மோட்டாரின் இரும்பு உடம்பில் வெட்டியிருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காகிதம் கிழியக் கூடாது, கம்பியின் மேல்பூச்சு உரசிக்கொள்ளவும் கூடாது. கைகள் அதைப் பார்த்துக்கொண்டன. உதடுகள் வேறு வேலையில் இருந்தன.

"காப்புத் தடை குறையக் காரணங்கள். ஈரம், தூசு, வெப்பம்... வெப்பம்..."

அடுத்தது வரவில்லை. மேசை ஓரத்தில் திறந்து கிடந்த பரீட்சைக் கைடை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வந்துவிட்டது. வந்த வேகத்தில் முழங்கை இடித்து, கைடு, மின்சாரம் கசியாமல் கம்பிமேல் பூசும் வார்னிஷ் தட்டில் தலைகுப்புற விழுந்தது.

அந்தத் தெருவில் அவளுக்கு மோட்டார் அக்கா என்று பெயர். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது அவள் தொழில். பட்டறையில் வேலை பார்க்கிறவர்களில் அவள்தான் மூத்தவள். ஆனால் சுற்றி முடித்த மோட்டாரைச் சோதித்துக் கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். அது அவளுக்குப் பின்னால் சேர்ந்த கண்ணாடியிடம் இருந்தது. மூக்கில் சதா கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

லைசென்ஸ் பரீட்சையில் அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். முதலாளி இன்னொரு பட்டறை திறக்கப்போகிறார். "பாஸ் பண்ணிட்டா அந்தப் பட்டறை உங்க பொறுப்பு. இல்லேன்னா வெளியாளத்தான் போடணும், என்ன கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். கோபித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர்மேல் இல்லை, தன் மண்டைமேல்.

படிக்காமல் தோற்றிருந்தால் மனது ஆறியிருக்கும். கைடை அட்டையிலிருந்து அட்டை வரை எத்தனையோ முறை படித்தவள். பள்ளி வேன் ஓட்டும் கணவர் மாலையில் கேள்வி கேட்பார். முதல் கேள்வியில் தொடங்கி, வரிசை தப்பாமல் கேட்பார். அவள் தடுமாறினால் அவருக்கு மனசு கேட்காது.

"கெப்பாசிட்டரின் பயன்... ம், சொல்லு... 'தொடக்கத்தில்'..."

"தொடக்கத்தில் தேவையான முறுக்கு விசையை உண்டாக்குவது!"

"பாத்தியா! எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்க. அங்க போய் ஏன்தான் கோட்டை விடறியோ!"

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. வினாத்தாள் கஷ்டம், மின்விசிறி சத்தம், பக்கத்து ஆள் இருமல் என்று இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பார்த்தார்கள்.

வார்னிஷ் காய்ந்ததும் கைடு பலகையாகிவிட்டது. ஒரு தாள் பிரியவில்லை. கணவர் புதிதாக ஒன்று வாங்கி வந்து, பரீட்சைக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று அட்டையும் போட்டுக் கொடுத்தார். திறந்தவள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

பழைய கைடில் கெப்பாசிட்டர் பதில் பெருவிரல் அச்சுக்குக் கீழே இருந்தது. மின்மாற்றி, கிரீஸ் தீற்றலுக்குப் பக்கத்தில். காப்புத் தடையின் காரணங்கள் தேநீர் வளையத்துக்குள். அவள் கண் கறையைத் தேடிப் போகும், பதில் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். இப்போது வெள்ளைத் தாளைப் பார்த்தால் மண்டையும் வெள்ளையாக இருந்தது.

"நடுவுலேர்ந்து ஏதாவது கேளுங்க. எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றாள்.

கேட்டார். அவள் கண் சுவரில் கறையைத் தேடியது. இன்னொன்று கேட்டார். மூன்றாவதைக் கேட்க அவருக்கே வாய் வரவில்லை.

"இவ்வளவு நாளா நான் அழுக்கைத்தான் படிச்சிருக்கேன்!" கைடைத் தூக்கி எறிந்தாள். அது அவர் துவைத்து மடித்த துணிக்குவியலில் மெத்தென்று விழுந்தது. ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை என்பதில் எரிச்சல் இன்னும் கூடியது.

மறுநாள் பட்டறையில் கண்ணாடி விடவில்லை. "அக்கா, புஸ்தகத்துக்கே வார்னிஷ் போட்டுட்டீங்களாமே! இனிமே அதுக்கு ஷாக்கே அடிக்காது."

"வாய மூடிக்கிட்டு அந்த மோட்டாரப் பிரி."

பிரித்தார்கள். மூன்று கம்பிகளில் மின்சாரம் வரும் மூன்று ஃபேஸ் மோட்டார். உள்ளே சுற்றியிருந்த கம்பிச் சுருள்களில், அதாவது காயில்களில், மூன்றில் இரண்டு பங்கு கரியாகியிருந்தது. மீதி புதுசு மாதிரி மின்னியது.

"ஒரு ஃபேஸ் போயிருக்கு" என்றாள், பார்த்த மாத்திரத்தில்.

"அது சரி. மூணும் ஏன் கருகல?"

"எப்பவும் இப்படித்தான்டா கருகும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவள் நகத்தால் கரியைச் சுரண்டினாள். இப்படிக் கருகியவற்றை எத்தனையோ முறை பிய்த்து எறிந்திருக்கிறாள். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. "பெரிய வாத்தியார் வந்துட்டாரு!" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், இரும்பு மேசையில் சாக்பீஸால் மூன்று காயிலை வரைந்தாள். ஒரு கம்பியைத் துண்டித்தாள். மின்சாரம் எந்த வழியாகப் போகும் என்று கோடு போட்டாள். தப்பு. துடைத்தாள். கைடைத் திறந்து பார்த்து, உடனே மூடி, மறுபடியும் வரைந்தாள். மீதமிருக்கும் இரண்டு கம்பி வழியாகத்தான் ஓட்டம். இரண்டு காயில்தான் மொத்தப் பாரத்தையும் இழுக்க வேண்டும். மூன்றாவதில் ஒன்றுமே ஓடாது, பிறகு எப்படிக் கருகும்? ஒரே ஒரு கேள்வி! சோறு ஆறிப்போயிருந்தது. முன்பெல்லாம் அதே நேரத்தில் பத்துப் பக்கம் புரட்டியிருப்பாள். இந்த வேகத்தில் எப்போது முடிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் அப்படியேதான் போனாள். பதிலைக் காகிதத்தால் மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது; வராததை அடுத்த நாள் முதல் வேலையாகத் திரும்பக் கேட்டுக்கொள்வது. கணவருக்குச் சட்டம் போட்டாள்: "கண்ட பக்கத்துலேர்ந்து கேளுங்க. முதல் வார்த்தைய எடுத்துக் குடுத்தீங்கன்னா இன்னைக்குச் சாப்பாடு கிடையாது."

"சமைக்கறதே நான்தான்டி."

"அப்ப நான் சாப்பிட மாட்டேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்தது எது, தெரிந்த மாதிரி இருந்தது எது என்று தினமும் பிரிந்துகொண்டே வந்தது. தெரியாத குவியல்தான் பெரிதாக இருந்தது. படிக்கப் படிக்க முட்டாளாகிறோமோ என்று தோன்றியது அவளுக்கு.

பரீட்சை அறையில் வினாத்தாளைப் பார்த்ததும் பல்லைக் கடித்தாள். கருகிய காயில் கேள்வி வரவே இல்லை. முதல் கேள்வியே மின்மாற்றி: 'நேர்மின்சாரத்தில் இணைத்தால் என்ன ஆகும்? காரணத்துடன் விளக்குக.' கைடின் வாக்கியம் கடகடவென்று பேனாவில் இறங்கியது. இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தினாள். இது ஏன் என்று கண்ணாடி கேட்டால் என்ன சொல்வது? சொல்ல வரவில்லை. இரண்டு வரியையும் அடித்தாள்.

தாளின் ஓரத்தில் ஒரு இரும்புச் சட்டம் வரைந்து கம்பி சுற்றினாள். ஓட்டம் மாறிக்கொண்டே இருந்தால் காந்தமும் மாறும். அந்த மாற்றம்தான் வரும் மின்சாரத்துக்குக் கடிவாளம். நேர்மின்சாரம் ஒரே சீராக நிற்கும். கடிவாளம் இல்லை. கம்பி பாவம், எவ்வளவு வந்தாலும் வாங்கும். எரியும். அதைத் தன் வார்த்தைகளில், அடித்தும் திருத்தியும் எழுதினாள். கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் ஓடியிருந்தது. மீதியை விழுந்தடித்து எழுதினாள். ஒரு கேள்விக்கு இடம் விட்டு வைத்திருந்தாள். அது சுத்தமாகத் தெரியவில்லை. போன இரண்டு முறையும் இந்த மாதிரி இடங்களை வாய்க்கு வந்ததைக் கொட்டி நிரப்பியவள், இந்த முறை அந்த நேரத்தை மின்மாற்றிக் கேள்விக்கே கொடுத்து, விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தாள்.

"நேரம் ஆச்சும்மா, குடுங்க" என்று கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் சார், ஒரே வார்த்தை."

"எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் பாக்கி. குடுங்கம்மா."

அந்த வார்த்தையை எழுதி, தாள்களை வரிசைப்படுத்தி நூலில் முடிச்சுப் போட்டு, அடித்தல் திருத்தலோடு அவர் கையில் கொடுத்தாள்.