ஏழாம் வார்டு பேச்சை நீக்கு

அடுத்தவர் திட்டுவதைக் கேட்டு, அதைத் திட்டாத மாதிரி டைப் அடிப்பதுதான் என் வேலை. பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள் நான். திருமயம் பஸ் நிற்கிற ஒரு பேரூராட்சியில் மன்றக் கூட்டக் குறிப்பு அடிக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், வேலை போய்விடும். கூட்டத்தில் குறிப்பெடுத்து நொந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

பட்டியல்

தலைவர் டிவியில் நாடாளுமன்றத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அங்கிட்டு மாதிரி நாமளும் தகாத வார்த்தைக்குப் பட்டியல் போடுவோம்" என்றார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல, நாற்பது வார்த்தை சேர்ந்தது. எந்தத் தீர்மானத்துக்கும் அவர்கள் இவ்வளவு உழைத்ததில்லை. கூட்டத்தில் நான்தான் அதைச் சத்தமாக வாசித்தேன். பாதியில், தாமதமாக வந்த மூன்றாம் வார்டு பெரியவர் அதிர்ந்துபோய் நின்றார்: "தலைவரே, இந்தப் புள்ள பேசுறது ஒண்ணுகூடச் சரியில்லை. மொதல்ல அதை நீக்குங்க!"

தண்ணீர்

ஏழாம் வார்டு உறுப்பினர் பாக்கியம் அக்கா, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். பதில் வராது. கோபம் வரும். பட்டியலில் இருக்கிற ஒன்று வாயில் வந்துவிடும். அதற்கே காத்திருந்த மாதிரி தலைவர், "பேச்சு முழுசையும் நீக்கு" என்பார். நானும் நீக்குவேன். எங்கள் வீடும் ஏழாம் வார்டுதான். நீக்கிவிட்டுப் போய், குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வார்டுக்கு நடப்பேன்.

ஒருநாள் குடிநீர் இன்ஜினியர் வந்து குறிப்பேட்டைப் புரட்டினார். "ஏழாம் வார்டுல ஒரு புகாரும் இல்லையேம்மா. நல்லாத்தான் வருது போல!"

கோடு

பட்டியலுக்கு மேலே நானே அடித்த விதியை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். தகாத வார்த்தையை நீக்கலாம். அவ்வளவுதான். பேச்சை நீக்கச் சொல்லி எங்கேயும் இல்லை.

அடுத்த கூட்டத்திலும் தலைவர் நீக்கச் சொன்னார். நான் வார்த்தைக்கு மட்டும் கோடு போட்டேன்: "ஆறு மாதமாகத் தண்ணீர் இல்லை. ______ குழாய் எதற்கு?" தலைவர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் படித்தார். ஆள் அனுப்பி வால்வை மாற்றினார். அப்புறம்தான் தலைவருக்கு விஷயம் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். பட்டியலில் இருந்து மூன்று வந்தன. வாசலில் நின்ற பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இதையும் எழுதிக்க பாப்பா, கோடு போட்டு!"

இந்த வேலை நிலைக்குமா தெரியாது, ஆனால் நாற்பதும் மனப்பாடம் ஆகிவிட்டதால் போகும்போது சும்மா போக மாட்டேன்.