ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் திறக்கும் திரைகள்

மதிப்பீட்டின் மேல் மாணவர் தெரிவிக்கும் ஆட்சேபத்துக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும். நாங்கள் சேர்ந்த, கணினியில் படமும் பொத்தானும் வைத்து நிரல் எழுதும் மல்டிமீடியா ஸ்கிரிப்டிங் தொடக்கநிலை வகுப்பின் விதிமுறைத் தாளில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தாளை முழுதும் படித்த ஒரே மாணவன் நான்.

நான் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன். திருத்தணியில் தெருவுக்கு ஒரு கணினி மையம் முளைத்திருந்த காலம். மையம் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே இருந்ததால் என் மனைவியும் என்னோடு சேர்ந்தாள். இறுதித் திட்டப்பணிக்கு நான்கு தலைப்புகள் கொடுத்தார்கள்: பிறந்தநாள் வாழ்த்து அட்டை, குடும்ப ஆல்பம், வினாடி வினா, விழும் பந்தைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு. முன் அனுமதி பெற்றால் சொந்தத் தலைப்பும் எடுக்கலாம். மனைவி வாழ்த்து அட்டையை எடுத்தாள். நான் முறைப்படி விண்ணப்பித்து அனுமதி வாங்கினேன்.

என் தலைப்பு, எந்த ஊருக்கு எங்கே பஸ் ஏறுவது என்பது. திரையில் ஊர்ப் பெயர்கள் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கும். ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள நகரியை அழுத்தினால் பஸ் ஏறப் போக வேண்டிய இடம் படத்தோடு வரும். ஆனால் ஆடிக் கிருத்திகைக்குப் பஸ்கள் ஊருக்குள் வராது. ஊர் எல்லையில் திசைக்கு ஒன்றாகத் தற்காலிக நிலையங்கள் போடுவார்கள். பணியில் இருந்தபோது அந்த ஏற்பாட்டுக்கான உத்தரவை வருடா வருடம் தயாரித்தவன் நான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் அதைப் படிக்காமல் காலி பேருந்து நிலையத்தில் காத்திருப்பதையும் வருடா வருடம் பார்த்தவன். அதனால் கணினியின் தேதியைப் பார்த்து, கிருத்திகையன்று மட்டும் வேறு திரைகள் வரும்படி எழுதினேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாளையும் உள்ளே பதிந்தேன். இத்தனை வருடம் கோப்பில் தூங்கிய உத்தரவு இனி முதன்முறையாக வேலை செய்யும்.

எங்கள் பணிகளைத் திருத்தும் மையத்தின் சென்னைத் தலைமையகத்திலிருந்து முடிவு வந்தது: "பாதித் திரைகள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வரவில்லை. பணி முழுமையாக இல்லை. பட்டியலிலிருந்து வேறு தலைப்பு எடுக்கவும்."

வகுப்பு எடுத்த பெண் சிரித்துவிட்டாள். "சார், கம்ப்யூட்டர்ல தேதிய மாத்திட்டுப் பாருங்கன்னு ஒரு வரி எழுதுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"தேதியைத் திருத்தச் சொல்லி நான் எழுத்தில் கொடுப்பதா?"

"ஐயோ சார், அது ஆபீஸ் ரெஜிஸ்டர் இல்ல சார்!"

எனக்கு எல்லாத் தேதியும் ரெஜிஸ்டர்தான். ஆடிக் கிருத்திகையன்று திறந்து பார்க்கவும் என்று ஆட்சேபம் அனுப்பினேன். அதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

மனைவியின் சான்றிதழ் வந்து கூடத்துச் சுவரில் ஏறியது. பக்கத்தில் எனக்கென்று அவளே ஓர் ஆணி அடித்து வைத்தாள்.

"நானு கேக்கு மேல மெழுகுவத்தி ஏத்தியே பாஸ் ஆயிட்டேன். நீங்க இன்னும் பஸ் ஸ்டாண்டுலயே நின்னுகினு கீறீங்களே?"

"பதில் வரும்."

"ஆங், வரும் வரும். அதுவும் தப்பான ஸ்டாண்டுல நின்னுகினு இருக்கும்."

விதி சொன்ன ஒரு மாதம் போனது. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. வாழ்த்து அட்டை செய்துவிடலாமா என்று ஒருநாள் தோன்றியது. ஆணியைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று காலை வகுப்பு எடுத்த பெண் என் பணியைத் திறந்து, மையத்தின் மானிட்டரை வாசலுக்குத் திருப்பி வைத்தாள். எதிரே பஸ் இல்லாத பேருந்து நிலையம். முதலில் வந்தது நகரிக் குடும்பம். பெரியவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என் மனைவி அவர் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தாள். தெலுங்கில் எழுதியிருந்த ஊரை அழுத்தினார். சென்னைக்குத் தெரியாத திரை வந்தது. அவர் படித்துவிட்டு, "ரா நைனா" என்று மகனை இழுத்துக்கொண்டு சரியான திசையில் நடந்தார். பின்னால் ஒரு கூட்டமே வரிசையில் நின்றது.

"எங்க வீட்டுக்காரர் பண்ணதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், மெழுகுவத்தி ஏற்றியவள்.

மாலையில் அந்தப் பெண் இணைய இணைப்பைப் போட்டு, சென்னையிலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்தாள். "எல்லாத் திரைகளும் வருகின்றன. தேர்ச்சி." மேலே, யாரும் திருத்தாத தேதி: அன்றைய ஆடிக் கிருத்திகை.