பனிக்குட நீரும் பழைய சட்டையும்

தோவாவுக்குப் பொறாமை புதிதல்ல. சைகோனின் மேற்கு ஓரத்தில் எங்கள் வாடகை அறை வரிசையில் யார் வீட்டில் மீன் வறுபட்டாலும் அவள் முகம் சுருங்கும். செருப்பு ஆலையின் தையல் பிரிவுக்குப் பதினெட்டு வயதில் வந்தவள், முப்பத்தெட்டிலும் அதே நாற்காலியில் இருந்தாள். மேற்பார்வையாளர் வேலை இரண்டு முறை அவளைத் தாண்டிப் போனது. நானும் அதே பிரிவுதான், அடுத்த அறைதான். அவள் பொறாமையில் பாதிக்கு மேல் நியாயம் என்பேன்.

அந்த வருடம் வரிசையில் இருவர் கர்ப்பம். ஒருத்தி தோவா, இன்னொருத்தி ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் குயென். இருவருக்கும் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தது. ஒரே காலையில் ஒரே மருத்துவர் இருவர் வயிற்றிலும் ஊசி செலுத்திப் பனிக்குட நீர் எடுத்தார். குழந்தைக்குக் குரோமோசோம் ஏதாவது கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்க. அலுவலகக்காரர்களின் காப்பீடு விரைவுப் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது. குயெனுக்கு இரண்டு நாளில் பதில். தையல்காரிகளின் காப்பீட்டில் அது இல்லை. தோவாவின் நீரிலிருந்த செல்களை வளர்த்துப் பார்த்துச் சொல்ல மூன்று வாரம்.

ஒருத்தியின் பயத்துக்கு இரண்டு நாள், இன்னொருத்தியின் பயத்துக்கு மூன்று வாரம். இப்படி அளந்து கொடுத்தது விதி அல்ல. மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மனிதர்கள்.

"அவ வயித்துல மட்டும் என்ன தங்கமா இருக்கு?" என்றாள் தோவா, பேருந்தில் திரும்பும்போது.

எங்கள் பக்கத்தில், நோய்நொடியின்றி வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டைகளைக் கேட்டு வாங்கி வைப்பார்கள். வரப்போகும் பிள்ளையும் அப்படியே வளருமாம். எனக்கு நம்பிக்கையில்லை. பழந்துணி மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். வரிசையில் அப்படி வளர்ந்தவன் கடைசி அறைச் சிறுவன் குன் ஒருவன்தான். முடிவு தெரிந்த பிறகு கேட்கலாம் என்று தோவா பொறுத்திருந்தாள். நீர் எடுத்த மறுநாளே குயென் அவன் துணி மூட்டையை வாங்கிப் போய்விட்டாள். தோவா அவளோடு பேச்சை நிறுத்தினாள்.

அதற்கு மறுநாள் குயெனின் முடிவு வந்தது. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்.

தோவா கஞ்சி காய்ச்சிக் குயெனிடம் எடுத்துப் போனாள். திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "கண்ணு அந்த மூட்டை மேலேயே போகுது. இனி அது அவளுக்கு எதுக்கு? என்னைக் கேவலமா நெனச்சுக்கோ, போ." நான் அப்படி நினைக்கவில்லை. குயென் கலைத்துவிடுவாள், மூட்டை தோவாவிடம் வந்துவிடும் என்றுதான் வரிசை முழுவதும் பேசிக்கொண்டது.

குயெனும் கணவனும் மருத்துவர்களைப் பார்த்தார்கள். குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் பார்த்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் போய் வந்தார்கள். கலைப்பதென்றாலும் சட்டம் தரும் கால அளவு அவர்களுக்கு இன்னும் மீதமிருந்தது; தோவாவின் பதில் வரும்போது அது தீரும் தறுவாயில் இருக்கும். அதற்குள் அவளுக்கு வயிற்றில் அசைவு தொடங்கிவிட்டது. உதைக்கும்போதெல்லாம் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பிள்ளையோடு பழகிவிடக் கூடாதாம்.

மூன்றாம் வாரக் கடைசியில் அவள் முடிவு வந்தது. குறை எதுவும் இல்லை. தையல் எந்திரத்தின் மேல் தலை வைத்து அழுதாள். சாயங்காலம் தேங்காய்ப்பால் ஊற்றிய பயறுப் பாயசம் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துப் போனாள்.

குயென் வாசல் கொடியில் குன்னின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"குயென், அந்தத் துணி…" என்று இழுத்தாள் தோவா.

"என் பிள்ளைக்குத்தான் அக்கா. பெத்துக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

தோவா கோப்பையை நீட்டினாள். "யோசிக்க உனக்கு நேரம் குடுத்தாங்க," என்றாள். "இதே பதில் எனக்கு இன்னைக்கு வந்திருந்தா நான் எப்ப யோசிச்சிருப்பேன்?"

குயென் கோப்பையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை.

திரும்பி நடக்கும்போது தோவா முணுமுணுத்தாள்: "ஒரு சட்டையாவது குடுத்திருக்கலாம்." அப்போது உள்ளே பிள்ளை உதைத்திருக்க வேண்டும். கையை வயிற்றில் வைத்தாள், எடுக்கவில்லை.