பதினைந்து இஞ்சும் இரண்டு பத்தும்

ஜெயங்கொண்டத்தில் ஒரு கோயில் கச்சேரி முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் இசைக்குழுவை நடத்துகிறவர், முக்கியப் பாடகரும் அவர்தான், முன்சீட்டில் இருந்தபடி, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்.

"உன் பாஸ் கிடார் மேடையில நிக்கிறதோட சரி. கீழ ஒருத்தருக்கும் கேக்கலப்பா."

நான் கிடார் உறையின் ஜிப்பை இழுத்து மூடினேன். வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்பது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அடுத்தது திருமழபாடி பக்கம் ஒரு அம்மன் கோயில். அங்கயும் கேக்கலன்னா, நம்ம கீபோர்டு தம்பியே இடது கையால பாஸையும் பிடிச்சுக்கட்டும். வேன்லயும் ஒரு சீட்டு மிச்சம்."

கீபோர்டு தம்பி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த முன்சீட்டு முதுகின் மேல்தான் அத்தனை கோபமும். பகலில் பெரம்பலூரில் ஒரு மோட்டார் பம்பு கடையில் பில் போடுகிறேன். ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பாஸ் வாசிக்கிறேன் என்றுதான் வாயில் வரும். அதுவும் போய்விட்டால் நான் வெறும் பில் போடுகிற ஆள்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் பக்கத்தில் சவுண்டு செட் வாடகைக்கு விடுகிறவர்கள் பாடகர்களுக்கு மைக் தருவார்கள், கீபோர்டையும் ரிதம் பேடையும் லைன் போட்டுத் தங்கள் செட்டில் இணைத்துக்கொள்வார்கள். பாட்டுக்கு அடித்தளமாகக் கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பாஸ் கிடார் என்றால் மட்டும், "எங்க ஸ்பீக்கர் பொட்டி கிழிஞ்சிடும் சார், நீங்க உங்களுதைக் கொண்டாந்துடுங்க" என்பார்கள். என்னிடம் இருந்தது வீட்டில் பழகுவதற்கென்று வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபயர், ஆம்ப் என்போம். திறந்த மைதானத்தில் அது முனகுவதோடு சரி.

விசாரித்ததில் இரண்டு இடத்தில் பழைய செட் விற்பனைக்கு இருந்தது. அரியலூரில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒருவரிடம் இரண்டு பத்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெட்டியும் அதற்கான ஆம்பும். லப்பைக்குடிகாட்டில், மறுபடி சவூதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பாயிடம் ஒற்றைப் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டியும், வாட்ஸ் கூடுதலான ஆம்பும். ஒருவரின் ஆம்பை வாங்கி இன்னொருவரின் பெட்டியில் மாட்டலாமே என்றால், இரண்டின் ஓம்ஸ், அதாவது மின்தடை, பொருந்தாவிட்டால் ஆம்ப் புகைந்துவிடும். இது அல்லது அது, இரண்டில் ஒன்றுதான்.

பார்க்கப் போகும்போது என் மனைவியும் வந்தாள். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சங்கீதத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது.

"நீ எதுக்கு?" என்றேன்.

"நீங்க பொட்டிக்குப் பக்கத்துல நின்னு வாசிப்பீங்க. தூரத்துல நிக்கிறவங்களுக்கு எப்படி இருக்குன்னு யாரு சொல்றது?"

அரியலூர்க்காரர் பெட்டியை வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இறக்கி வைத்தார். வாசித்தேன். வறட்டுச் சத்தம். கீழ் ஸ்வரங்களில் ஒரு கனமே இல்லை. தகரப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்து, சிமெண்ட் லாரிகள் போகும் ரோட்டோரம் வரைக்கும் போய் நின்றாள்.

"ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்குது" என்றாள் போனில்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியாது. கேக்குது."

இதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு லப்பைக்குடிகாடு. பாய் எங்களை ஷட்டர் போட்ட ஒரு அறைக்குள் கூட்டிப் போனார். உள்ளே அந்தப் பெட்டி என் இடுப்பளவுக்கு நின்றது. "நல்லா வாசிக்கிறவங்க கையில போகணும், இன்ஷா அல்லாஹ்" என்றபடி ஆன் செய்தார். மற்ற கம்பிகளை நான் தொடக்கூட இல்லை, தடித்த கீழ்ஸ்தாயிக் கம்பியை மட்டும் ஒருமுறை சுண்டினேன். ஷட்டர் அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. இத்தனை வருடமும் என் கையில் இப்படி ஒரு சத்தம் இருந்ததா என்று இன்னொரு முறை சுண்டினேன். முன்சீட்டு முதுகை நினைத்துக்கொண்டேன். வா மவனே, இப்ப சொல்லு கேக்கலன்னு.

"இதுதான்" என்றேன்.

"வெளியில தூக்கி வச்சுப் பார்ப்போம்" என்றாள் அவள்.

"இதுக்குமேல என்ன பார்க்கணும்?"

"திருமழபாடியில ஷட்டர் போட்ட ரூம்லயா கச்சேரி?"

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் நானும் மூச்சுத் திணற அந்தப் பெட்டியைத் தூக்கிப் பக்கத்துத் திடலில் வைத்தோம். அறைக்குள் கேட்டதில் பாதிகூட இல்லை என்றாலும், பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் அதுதான் பிடித்தது. அவள் நடந்துகொண்டே போனாள். திடலின் கடைசியில் வேலியோரம் நின்று போன் செய்தாள்.

"எறையூர் மில்லுக்குப் போற கரும்பு லாரி மேட்டுல உறுமுற மாதிரி இருக்கு. என்ன வாசிக்கிறீங்கன்னே தெரியல."

"சரியா கேளு."

"சரியாத்தாங்க கேக்குறேன். கடைசி பெஞ்சுக்குக் கத்துனா மட்டும் கேட்டுடாது. தெளிவா சொல்லணும். நான் தினமும் பண்ற வேலை அது."

திரும்பும் வழியெல்லாம் பைக்கில் சண்டை. காது யாருடையது, வாசிக்கிறவன் யார், உனக்கு ராகம் தெரியுமா தாளம் தெரியுமா என்று கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உங்களுக்குப் பிடிக்கணும்னா பாய் பொட்டி. ஜனங்களுக்குக் கேக்கணும்னா அரியலூர். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அரியலூர் பெட்டியைத்தான் வாங்கினேன். முழு எரிச்சலோடு, மனசே இல்லாமல்.

திருமழபாடி பக்கத்து அந்த ஊரில் மேடை சின்னது, கொள்ளிடக் கரையை ஒட்டிய திறந்த வெளி. பெட்டியை மேடைக்குக் கீழே, ஒரு பெஞ்சின்மேல், கூட்டத்தைப் பார்த்து வைக்கச் சொன்னதும், கச்சேரிக்குக் கூடவே வந்திருந்த என் மனைவிதான். அப்படி வைத்ததும் மேடையில் இருந்த எங்களுக்குச் சத்தம் அநேகமாக வரவே இல்லை. எனக்கே என் வாசிப்பு, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல்தான் கேட்டது.

முதல் பாட்டின் நடுவிலேயே குழுத்தலைவர் என்னைப் பார்த்து, "ஆன் பண்ணியிருக்கியா இல்லையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கீபோர்டு தம்பியிடம் குனிந்து, "ரிஸ்க் வேணாம். லெஃப்ட் ஹேண்ட்ல பாஸைப் பிடிச்சுடு" என்றார். அவன் தலையாட்டினான்.

ஆம்ப் மேடையிலேயே எனக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வால்யூமைத் திருகிவிட விரல் துடித்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, பாட்டு முடிந்ததும் எடுத்தேன். அவள் கூட்டத்துக்குப் பின்னால், பஜ்ஜிக் கடையோரம் நின்றிருந்தாள்.

"எதையும் தொடாதீங்க. நல்லா கேக்குது" என்றாள்.

நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பதுபோல் அடுத்தடுத்த பாட்டுகளை வாசித்தேன். ஒரு சமயம் தற்செயலாக கீபோர்டைப் பார்த்தேன். தம்பியின் இடது கை மேலடுக்குக் கீபோர்டில் வயலின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாஸ் வரும் கீழ்க்கட்டைகள் பக்கம் அது போகவே இல்லை. தலையாட்டினானே தவிர, சொன்னதை அவன் செய்யவில்லை. அவனுக்கு வயலினை விட முடியவில்லை போலிருக்கிறது.

பாடகி தனியாகப் பாடும் பாட்டு வந்தபோது குழுத்தலைவர் மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் போனார். எல்லாப் பக்கமும் நின்று கேட்பது தெரிந்தது. ஒரு இடத்தில் தப்பாகக்கூட வாசித்தேன்.

பாட்டு முடியும் நேரம் மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என்னைத் தாண்டிப் போய்க் கீபோர்டு தம்பியின் தோளில் தட்டினார்.

"பின்னால உன் லெஃப்ட் ஹேண்ட் பாஸு என்னமா கேக்குது தெரியுமா? ஒவ்வொண்ணும் மணி மணியா இருக்கு. இதைத்தான் நான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கோச்சுக்காதப்பா. நீயே கேட்டிருந்தீன்னா ஒத்துக்குவ."

தம்பி கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னதைச் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வான்? அவன் சொல்லுவான் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் அடுத்த பாட்டுக்கு ஒன், டூ என்று கௌண்ட் கொடுத்துவிட்டார்கள். காது இரண்டும் சூடாகிவிட்டது. நன்றாகக் கேட்டதாலேயே என் இடம் போகிறது என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. நான் கம்பிகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மேடையில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. குழுத்தலைவர் உற்சாகமாகப் பல்லவி பாடினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. அனுபல்லவி தாண்டுவதற்குள் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"என்னங்க, ஒரு பொட்டி நின்னுபோச்சா? பாட்டு சப்புன்னு இருக்குங்க."

இடை இசையில் அவர் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கீபோர்டு பக்கம் சீறினார். "லெஃப்ட் ஹேண்டை ஏன்டா விட்ட?"

"நான் பிடிக்கவே இல்லண்ணே" என்றான் தம்பி. "ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல. அவருதான்."

அவர் திரும்பி, சும்மா தொங்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு கீழே, பெஞ்சின்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"வாசிப்பா" என்றார் மெதுவாக.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரிதம் ஓடிக்கொண்டிருந்தது. சரணம் எடுக்க வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது. அவர் பாடுவதற்காக மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் இன்னும் கையை வைக்கவில்லை.

"வாசிப்பா, நீதான் வாசிக்கணும்" என்றார். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டார்.

மைதானம் முழுவதும் கேட்டது. பஜ்ஜிக் கடை வரைக்கும். நான் வாசித்தேன்.