அத்தையின் காதில் இருந்த மைக்

துப்பறியும் மாத நாவல் எழுதுகிறவர்கள் மீது எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. கொலைகாரனைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைப்பதற்காக அல்ல. பத்து வயதுப் பெண்ணை நம்பவைத்து மோசம் செய்ததற்காக.

சித்தப்பா தாம்பரம் ஸ்டேஷன் கடையில் அந்தப் புத்தகங்களை வாங்கி, ரயிலிலேயே படித்து முடித்து, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் போட்டுவிடுவார். நான் ஒன்று விடாமல் படித்தேன். குப்பையில் கிடப்பதெல்லாம் தடயம். சந்தேகமே வராத ஆள்தான் குற்றவாளி. கண்டுபிடித்ததை யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்து, கடைசியில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துப் போட்டு உடைக்க வேண்டும். சண்டே கிளாஸ் வசனங்களைக்கூட நான் அவ்வளவு கருத்தாக மனப்பாடம் செய்ததில்லை.

எங்கள் வீட்டில் சந்தேகமே வராத ஆள் அத்தை. அப்பாவின் தங்கை, நர்சரி பள்ளியில் டீச்சர். அந்த வருடம் அவர் திடீரென்று பின்னல் போடுவதை நிறுத்தி முடியைத் தளர விட ஆரம்பித்தார். குப்பைக் கூடையில் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பேட்டரிகள் கிடந்தன. தோளில் சாய்ந்தால் அவரிடமிருந்து மெல்லியதாக ‘கீ’ என்று ஒரு சத்தம் வந்தது. விமானப்படைப் பயிற்சி விமானங்கள் மேலே போனால் முன்பெல்லாம் கண்டுகொள்ளாதவர், இப்போது மறையும்வரை அண்ணாந்து பார்த்தார். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது முடியை விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் குட்டி மெஷின், அதிலிருந்து காதுக்குள் ஒரு டியூப்.

அத்தை உளவாளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கடமை கடமைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அது பெண் பார்ப்பதாகவே படவில்லை. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பா நீளமாக ஜெபித்து ஆமென் சொன்னதும் எழுந்தேன். மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிகளை வரிசையாக வைத்தேன்.

“அத்தை காதுல மைக் வச்சிருக்காங்க. நான் பாத்தேன்” என்று சொல்லி, அவர் முடியை விலக்கியும் காட்டினேன்.

புத்தகத்தில் இந்த இடத்தில் குற்றவாளி ஓடப் பார்ப்பான், இல்லாவிட்டால் துப்பாக்கியை எடுப்பான். அத்தை அசையவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, “காது கேக்காதாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். அப்பா ஏதோ விளக்க ஆரம்பித்தார். அவர்கள் மரியாதையாகக் காப்பியைக் குடித்தார்கள். வீட்டில் கலந்துபேசிவிட்டு போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனவர்கள், பண்ணவே இல்லை.

காது மெஷின் விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். ஓட்டைவாய் என்பதால் என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள். ஆக, அந்த வீட்டில் ரகசியம் தெரியாத ஒரே ஆள், துப்பறிந்தவள்தான். இப்படியும் நடக்கும் என்று ஒரு புத்தகமாவது எழுதியிருக்கக் கூடாதா? எழுதியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு மிக்சர் தின்றிருப்பேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. சாயங்காலம் அத்தை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் சாரி சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை மடித்துக் கூடையில் போட்டார்.

“நானே சொல்லணும்னு இருந்தேன்டி. எங்க ரெண்டு பேரையும் தனியா பேசச் சொல்லி மாடிக்கு அனுப்புவாங்கல்ல, அப்ப நானே முடிய ஒதுக்கிக் காட்டிடலாம்னு. ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி சொல்லிச் சொல்லிப் பாத்தேன்.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எப்படியும் வெளியே வரப்போகிற உண்மைதானே, யார் சொன்னால் என்ன என்று நினைத்துக்கொண்டு, துணிக்கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி அவரோடு நிம்மதியாகப் படியிறங்கினேன்.