என் தமிழ் மட்டும் கேட்ட இயந்திரக் கை

ஓசூரில் நான் வேலை பார்த்த சின்ன நிறுவனம், தொழிற்சாலைகளுக்கு இயந்திரக் கைகளைப் பொருத்திக் கொடுத்துவந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரர் ஒருவர், வாயால் சொன்னால் கேட்கிற ரோபோ வேண்டும் என்றார். கூழ் டின்களைத் தூக்கி வண்டியில் அடுக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களின் கைகள் எப்போதும் ஈரமும் பிசுக்குமாக இருக்கும், பொத்தான் ஒத்துவராது என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் முதலாளி யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். வேலை என் தலையில் விழுந்தது.

இயந்திரத்துக்கு மொழி கற்றுக்கொடுப்பது என்பது அப்போது எங்களைப் பொறுத்தவரை, ஒரே சொல்லை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். தூக்கு, திரும்பு, இறக்கு, நிறுத்து. கூட இருந்த மென்பொருள்காரர் வீட்டில் கன்னடம் பேசுபவர். அதனால் தமிழ் என் பொறுப்பானது. நான் திருநெல்வேலிக்காரி. தொண்டை கட்டும்வரை சொன்னேன். ஒருநாள் "தூக்கு" என்றதும் அது தூக்கியது. அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"நாம பேசுறது அதுக்கு வெளங்குதா?"

"வெளங்குதும்மா."

ஆலையில் பொருத்திய அன்றே அந்தச் சந்தோஷம் போயிற்று. டின் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்கா சிங்காரப்பேட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். மைக் அருகே வந்து, "இத்த தூக்கி அங்க வெய்யி" என்றார். இயந்திரக் கை அசையவில்லை.

"இதுக்குக் காது கேக்காதா மேடம்?"

"ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்கக்கா."

"தூக்கு" என்றார். தூக்கியது. "எறக்கு" என்றார். டின் அந்தரத்திலேயே நின்றது. "கீழ வுடு" என்றார், தெலுங்கில் அதட்டினார். பக்கத்தில் நின்ற பெண் கன்னடத்தில் "இளிசு" என்று சொல்லிப் பார்த்தாள். கடைசியில் நான் போய் எங்கள் ஊர் இழுவையில் "இறக்கு" என்றேன். சாதுவாக இறக்கி வைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த மாம்பழச் சீசனில் பல நாள் அவர்கள் குரல்களைப் பதிவு செய்தேன். நீராவிச் சத்தமும் டின்கள் மோதும் சத்தமும் சேர்ந்தே பதிவாயின. "எறக்கு" புரியத் தொடங்கினால் "திரும்பு" குழம்பும். அதைச் சரிசெய்தால் "நிறுத்து" போய்விடும். புரியாதபோது மரம்போல நிற்காமல், "எதை?", "எங்கே?" என்று அது திருப்பிக் கேட்டால் என்ன என்று தோன்றியது. மனுஷர்கள் அப்படித்தானே பேசிப் புரிந்துகொள்கிறோம். முதலாளியிடம் கேட்டேன்.

"அது எதுக்கும்மா கேள்வி கேக்கணும்? கஸ்டமர் கேக்கலையே" என்று முடித்துவிட்டார்.

சில வாரம் கழித்துப் போனபோது கை தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் பெருமையாக நின்றேன். பிறகுதான் காதில் விழுந்தது. அக்கா, "இறக்கூ" என்று என்னைப் போலவே இழுத்தார். மற்றப் பெண்களும் அப்படியே.

"உங்கள மாதிரி சொன்னாதான் கேக்குது மேடம். வூட்லயும் அப்டியே வருது. ஏம்மா இப்டி பேசறன்னு எம்பொண்ணு கேக்கறா."

ஆலைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, கத்துக்கிச்சு."

"அது கத்துக்கல சார். இவங்கதான் கத்துக்கிட்டாங்க."

"யாரு கத்துக்கிட்டா என்னம்மா, வேலை ஆவுதில்ல?"

பஸ்ஸில் ஓசூர் வரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். இத்தனை மாதம் உழைத்து, ஒரு கூடம் நிறையப் பெண்களை என் ஊர்க்காரர்களாக மாற்றியிருக்கிறேன். அந்த இயந்திரத்துக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

அடுத்த சீசனில் புதுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு அந்த இழுவை வரவில்லை. ஆலைக்காரரே கூப்பிட்டு, காலால் மிதிக்கும் பெடல் வைத்துத் தரச் சொன்னார். நானே போய் வைத்தேன். அக்கா இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "இத்த மொதல்லயே வெச்சிருக்கலாமில்ல மேடம்?" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் மைக்கைக் கழற்றப் போனேன். மாங்கூழ் ஒட்டித் துருப்பிடித்த திருகு ஒன்று வரமாட்டேன் என்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி, தகட்டோடு சேர்த்துப் பிய்த்து எடுத்தேன்.